டியூப்பை மாற்றினால் போதாது: உபி கட்டடம் ஒன்றை எல்இடிக்கு மாற்றிய பதிவு

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் 1990களில் எழுந்த ஐந்து மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் கிடங்கு, அதற்கு மேல் அலுவலகங்கள், பக்கவாட்டில் கூரை போட்ட கார் நிறுத்துமிடம். அலுவலகக் கூரையில் நான்கு இரண்டடி டியூப் கொண்ட சதுர ஃபிட்டிங், நடைபாதை, படிக்கட்டு, கார் நிறுத்துமிடத்தில் நாலடி இரட்டை டியூப், கழிவறைகளில் பிஎல் எனும் சிறு ஃப்ளோரசன்ட் விளக்கு, கிடங்கில் 400 வாட் மெட்டல் ஹாலைடு. சிங்கப்பூரில் அந்தக் காலத்துக் கட்டடம் எதற்குள் போனாலும் ஏறக்குறைய இதே சேர்க்கைதான் கண்ணில் படும்.

விளக்கு மாற்றும் வேலையைப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது என்று நினைத்து விலை கேட்பவர்களே அதிகம். பிறகு வரும் சிக்கல்களைப் பார்த்தால் புதிய எல்இடியால் வந்தவை குறைவு. பழைய ஃபிட்டிங்குக்குள் விட்டுவைத்த சோக், கெப்பாசிட்டர், அவசர விளக்குப் பெட்டி, பழைய வயரிங் ஆகியவற்றால் வந்தவைதான் கூடுதல். அதனால் இந்தப் பதிவில் விளக்கைப் பற்றிக் கொஞ்சமும் அதன் பின்னால் இருப்பதைப் பற்றி நிறையவும் இருக்கும்.

முதலில் எண்ணிக்கை, பிறகு மணிக்கணக்கு

விலைப்பட்டியலுக்கு முன் ஒவ்வொரு மாடியாக நடந்து எண்ணி எழுதியது இது: அலுவலகச் சதுர ஃபிட்டிங் 120, நாலடி இரட்டை டியூப் 80, கழிவறை பிஎல் 60, கிடங்கு விளக்கு 20.

அடுத்து ஒவ்வொன்றும் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். டியூப்பில் 36 வாட் என்று அச்சிட்டிருக்கும், ஆனால் பழைய காந்தச் சோக் தன் பங்குக்கு ஏறக்குறைய 9 வாட் சூடாக விழுங்கும். ஆகவே ஒரு நாலடி டியூப் 45 வாட், இரட்டை 90 வாட். சதுர ஃபிட்டிங்கில் 18 வாட் டியூப் இரண்டிரண்டாக ஒரே 36 வாட் சோக்கில் தொடராக இணைந்திருக்கும். அதுவும் சோக்குக்கு 45 வாட் வீதம் மொத்தம் 90. பிஎல் 18 வாட் இரண்டு போட்டது சோக்கோடு 48 வாட் அளவுக்கு வரும். 400 வாட் மெட்டல் ஹாலைடு ஏறத்தாழ 430.

வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மட்டும் வைத்து இதைக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். கெப்பாசிட்டர் இல்லாத 36 வாட் டியூப் 0.43 ஆம்பியர் காட்டும். 230 வோல்ட்டால் பெருக்கினால் 99 வரும், ஆனால் மீட்டரில் ஏறுவது 45 வாட்தான். பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் ஓட்டத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு, 0.5 அளவில் கிடப்பதே காரணம். வாட் அளக்கும் மீட்டரால் வகைக்கு ஒரு ஃபிட்டிங்கையாவது அளந்துவிட வேண்டும். சேமிப்பைப் பெரிதாகக் காட்ட ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கிய எண்ணை வைத்து வரும் விலைப்பட்டியல்களும் உண்டு. அவற்றை ஒதுக்க இந்த ஓர் அளவே போதும்.

கணக்கை முடிவு செய்வது எரியும் நேரம். அலுவலகம் ஆண்டுக்குச் சுமார் 3,000 மணி, கழிவறை 4,380, கிடங்கு 3,600. நடைபாதை, படிக்கட்டு, கார் நிறுத்துமிடம் மூன்றும் நாள் முழுக்க எரிவதால் 8,760.

அலுவலகத்தில் 90 வாட்டுக்குப் பதில் 36 வாட் பேனல் போட்டால் ஃபிட்டிங்குக்கு 54 வாட் மிச்சம், 120 ஃபிட்டிங்குக்கு ஆண்டுக்கு 19,440 யூனிட். நாலடி இரட்டையில் 16 வாட் எல்இடி டியூப் இரண்டு போட்டால் 58 வாட் மிச்சம், 80 ஃபிட்டிங்குக்கு 40,646 யூனிட். எண்ணிக்கையில் குறைந்த நடைபாதை விளக்கு, அலுவலகத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் சேமிக்கிறது. கழிவறையில் 14 வாட் டவுன்லைட் போட்டு 8,935. கிடங்கில் உயரக் கூரைக்கான 150 வாட் ஹைபே விளக்கு போட்டு 20,160. மொத்தம் 89,181 யூனிட். யூனிட்டுக்கு 28 காசு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 24,971 வெள்ளி. உங்கள் கட்டடத்துக்கு எஸ்பி குழுமத்தின் பில்லிலோ நீங்கள் ஒப்பந்தம் செய்த மின் விற்பனையாளரின் பில்லிலோ உள்ள கட்டணத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஃபிட்டிங்குக்கு என்று பார்த்தால் வரிசை இன்னும் தெளிவு. கிடங்கு விளக்கு ஆண்டுக்கு 282 வெள்ளி, நாள் முழுக்க எரியும் இரட்டை டியூப் 142, அலுவலகப் பேனல் 45, கழிவறை 42. பணம் ஒரே தவணையில் கிடைக்காவிட்டால் இந்த வரிசையிலேயே செய்யலாம். வாடகைக்காரர்கள் கண்ணில் படும் அலுவலகத்தில் தொடங்கப் பலரும் ஆசைப்படுவார்கள். அங்கே தொடங்கினால் முதலாண்டுப் பில்லில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

குளிரூட்டிய இடத்தில் விளக்கின் சூடு குறைவதால் ஏர்கான் சுமையும் குறையும். ஒரு டன் குளிர் என்பது 3.517 கிலோவாட் வெப்பம். டன்னுக்கு 0.65 கிலோவாட் இழுக்கும் சில்லர் அமைப்பில், விளக்கில் குறையும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் ஏர்கானில் 0.18 கிலோவாட் கூடுதலாக மிச்சமாகும். இது அலுவலகத்துக்கு மட்டும் பொருந்தும், குளிரூட்டாத கார் நிறுத்துமிடத்துக்குச் சேர்க்கக்கூடாது.

மூன்று வழி, மூன்று இடம்

டியூப் ஃபிட்டிங்கை எல்இடியாக்க மூன்று வழி உண்டு. பழைய சோக்கை அப்படியே விட்டு, ஸ்டார்ட்டரைக் கழற்றி அந்த இடத்தில் எல்இடி டியூப்போடு வரும் போலி ஸ்டார்ட்டரைப் போடுவது முதல் வழி. வயரில் கைவைக்காமல் நிமிடத்தில் முடியும். ஆனால் சோக் உள்ளேயே இருந்து ஒன்றிரண்டு வாட் தின்னும். பழைய ஸ்டார்ட்டரை எடுக்க மறந்தால் விளக்கு மினுங்கும். அதைவிட மோசமானது பின்னால் நடக்கும்: துப்புரவுப் பணியாளர் யாராவது அந்த ஃபிட்டிங்கில் பழைய ஃப்ளோரசன்ட் டியூப்பை மாட்டினால், போலி ஸ்டார்ட்டர் உள்ளே ஷார்ட்டாக இருப்பதால் இரு முனை இழைகளும் ஓயாமல் சூடாகும். டியூப் எரியாது, சோக்கில் தொடக்க மின்னோட்டம் நிற்காமல் ஓடிக் கருகும்.

இரண்டாவது வழி சோக், ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் நீக்கி 230 வோல்ட்டை நேரே டியூப் ஹோல்டருக்குக் கொடுப்பது. மூன்றாவது வழி ஃபிட்டிங்கையே மாற்றுவது.

நாள் முழுக்க எரியும் இடத்தில் இரண்டாவது வழிதான் சரி. 30 ஆண்டு சூட்டில் கிடந்த சோக்கைப் புதிய டியூப்போடு சேர்த்து இன்னும் பல ஆண்டு ஓட்டுவதில் பொருளில்லை. அலுவலகத்தில் மூன்றாவது வழி, ஏனென்றால் நான்கு டியூப்பும் எட்டு ஹோல்டரும் கொண்ட பழைய பெட்டியை மாற்றி வயர் இழுக்கும் கூலியில் புதிய பேனலே வந்துவிடும். கிடங்கிலும் முழு மாற்றம்தான். மெட்டல் ஹாலைடு ஹோல்டரில் திருகும் எல்இடி பல்பு கிடைக்கிறது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் இக்னைட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட் அதிர்வை அனுப்பும், அதை எடுக்காமல் விட்டால் எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் போய்விடும்.

பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-இல் கூடி எடுத்த முடிவின்படி ஃப்ளோரசன்ட் டியூப் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதியும் 2027 இறுதியோடு நிற்கின்றன. ஆகையால் பழைய டியூப்பைக் கையிருப்பு வைத்து ஓட்டலாம் என்ற யோசனைக்கும் ஆயுள் குறைவு.

ஒரு ஃபிட்டிங்கின் உள்ளே

வயரில் கைவைக்கும் எந்த வேலையும் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரின் பொறுப்பில்தான் நடக்க வேண்டும். பின்பற்ற வேண்டிய சிங்கப்பூர்த் தரநிலை எஸ்எஸ் 638. விழுந்தால் 3 மீட்டருக்கு மேல் என்ற உயரத்தில் வேலை என்றால் வேலை அனுமதிச் சீட்டும் வேண்டும். கட்டடம் 1991-க்கு முன் கட்டியதாக இருந்தால், கூரைப் பலகையைத் துளைக்கும் முன் ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு நடந்திருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேட்டு ஆவணத்தைப் பார்க்க வேண்டும்.

மின்பகிர்வுப் பெட்டியான டிபியில், சர்க்கியூட்டைக் காக்கும் எம்சிபி ஸ்விட்ச்சை இறக்கிப் பூட்டுப் போட்டு அட்டை தொங்கவிட்டாயிற்று. அதை நம்பி ஃபிட்டிங்கைத் திறக்கக்கூடாது. முதலில் சோதனைக் கருவியை உயிருள்ள இடத்தில் வைத்துச் சரிபார்த்து, பிறகு ஃபிட்டிங்கில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பார்த்து, மறுபடி கருவியைச் சரிபார்க்க வேண்டும். நியூட்ரலை ஏன் பார்க்க வேண்டும் என்றால், பழைய கட்டடங்களில் ஒரு சர்க்கியூட் பக்கத்துச் சர்க்கியூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்கி ஓடும். நமது எம்சிபி இறங்கியிருக்கும், அந்த நியூட்ரலில் அடுத்த சர்க்கியூட்டின் சுமை ஓடிக்கொண்டிருக்கும். இணைப்பைப் பிரித்த கணத்தில் அந்தத் தொங்கும் நுனி 230 வோல்ட்டுக்கு ஏறும். ஒரே கூரையில் சாதாரணச் சர்க்கியூட்டும் ஜெனரேட்டர் சர்க்கியூட்டும் மாறிமாறி வருவதால், ஒரு ஃபிட்டிங்கைச் சோதித்துவிட்டு அந்த வரிசை முழுதும் செத்திருப்பதாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

வயர் நிறத்தில் சிங்கப்பூருக்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. 2009-க்கு முன் இங்கே ஃபேஸ் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கறுப்பு. 2009 முதல் ஃபேஸ் பழுப்பு, கறுப்பு, சாம்பல், நியூட்ரல் நீலம். அதாவது பழைய கட்டடத்தில் நீலம் ஃபேஸாக இருக்கலாம், கறுப்பு நியூட்ரல். புதிய எல்இடி டிரைவரிலிருந்து வருவது பழுப்பும் நீலமும். நீலத்தோடு நீலத்தைச் சேர்த்து முறுக்கினால் விளக்கு எரியவே செய்யும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் டியூப்புக்குள் இருக்கும் ஃபியூஸ் இப்போது நியூட்ரல் பக்கம் போய்விட்டது. இடையில் யாரோ புதுப்பிப்பு வேலையில் இழுத்த புதிய நிற வயரும் அதே பெட்டியில் இருந்தால், பழைய நீலமும் புதிய நீலமும் ஒன்றாகி நேரடி ஷார்ட். நிறத்தை நம்பாமல், மின்சாரம் போட்டு ஒருமுறை அளந்து, ஃபேஸ் வயரில் பழுப்பு டேப் சுற்றிவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்கினால் இந்த வம்பு இல்லை.

உள்ளே வேலை இப்படி. சோக்கின் இரு வயரையும் வெட்டி சோக்கை வெளியே எடுக்கவும். ஸ்டார்ட்டர் ஹோல்டரையும் அதன் வயரையும் முழுதாக நீக்கவும். ஒரு முனை ஹோல்டரின் இரண்டு பின்னில் ஒன்றுக்கு ஃபேஸ், இன்னொன்றுக்கு நியூட்ரல். மறுமுனை ஹோல்டர் டியூப்பைத் தாங்க மட்டும், அதற்கு வயர் வேண்டாம். டியூப்பை ஒற்றை முனை மின்சாரம் ஏற்கும் வகையாகவே வாங்கவும். இரு முனையிலும் ஆளுக்கொரு வயர் கேட்கும் வகையில், ஒரு முனையை மாட்டி மறுமுனையைக் கையில் பிடித்திருப்பவருக்கு ஷாக் அடிக்க வாய்ப்பு உண்டு. ஹோல்டரின் பிளாஸ்டிக் விரலால் அழுத்தும்போதே பொடிந்தால் அதையும் மாற்றுங்கள். எல்இடி டியூப் சிலவற்றின் எடை கண்ணாடி டியூப்பைவிடக் கூடுதல், பொடிந்த ஹோல்டரிலிருந்து தலைமேல் விழும்.

ஃபிட்டிங்கின் உள்பக்கம் கண்ணில் படும் இடத்தில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுங்கள்: எந்த முனையில் 230 வோல்ட், ஃப்ளோரசன்ட் டியூப் போடக்கூடாது, மாற்றிய மாதம், ஆண்டு. யாராவது பழைய டியூப்பை மாட்டினால் அதன் இழை நேரே 230 வோல்ட்டில் விழுந்து பளிச்சென்று வெடித்து எம்சிபி இறங்கும்.

கெப்பாசிட்டரை மறப்பவர்கள்

சோக்குக்குப் பக்கத்தில் கட்டைவிரல் தடிமனில் ஒரு வெள்ளை உருளை இருக்கும், 4.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும். சோக்கின் பவர் ஃபேக்டரைத் தூக்கிவிட வைத்தது. சோக் போனபின் அதற்கு வேலை இல்லை. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே தனியாக நிற்பதால் விளக்கு எரிவதைத் தடுக்காது, அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 4.5 மைக்ரோஃபாரட். மின்னோட்டம் 0.33 ஆம்பியர். 16 வாட் எல்இடி டியூப் இழுப்பதோ 0.07 ஆம்பியர். விளக்கு இழுப்பதைவிட நான்கு மடங்குக்கு மேல் அந்த உருளை வீணாக ஓட்டுகிறது. 80 ஃபிட்டிங்கில் ஒவ்வொன்று விட்டால் 26 ஆம்பியர், எல்லாம் முன்னோடும் மின்னோட்டம். யூனிட் மீட்டரில் ஏறாது, ஆனால் வயரிலும் ஸ்விட்ச்சிலும் ஓடும். ஸ்விட்ச் போடும் ஒவ்வொரு முறையும் 80 உருளையும் ஒரே நேரத்தில் நிரம்பும் திடீர் ஓட்டம், விளக்கு வரிசையை ஏற்றி அணைக்கும் கான்டாக்டரின் முனைகளை ஒட்டவைக்கும். டைமர் வைத்த கட்டடத்தில் கார் நிறுத்துமிட விளக்கு டைமர் அணைத்தும் பகலெல்லாம் எரிகிறது என்று புகார் வந்தால் முதலில் திறக்க வேண்டியது அந்தக் கான்டாக்டரைத்தான். கெப்பாசிட்டரைக் கழற்றும்போது முனைகளை ஒரு மின்தடை வழியாக வெறுமையாக்கிவிட்டுத் தொடுங்கள்.

மெயின் ஸ்விட்ச்போர்டில் தானியங்கிக் கெப்பாசிட்டர் பேங்க் இருந்தால், சோக் எல்லாம் போனபிறகு அதன் படிகள் சரியாக ஏறி இறங்குகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

சுமை குறைந்தும் ட்ரிப் ஆகிறது

பேனல் மாற்றிய மாடியில் காலையில் ஸ்விட்ச் போட்டதும் எம்சிபி இறங்கும். 40 பேனல், 36 வாட் வீதம் 1,440 வாட், 6.3 ஆம்பியர்தான். 10 ஆம்பியர் எம்சிபி ஏன் இறங்க வேண்டும்? டிரைவரின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் நிரம்ப, ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்கு ஒவ்வொன்றும் பத்து இருபது ஆம்பியர் இழுக்கும். நாற்பதும் சேர்ந்தால் எம்சிபியின் காந்தப் பகுதி அதை ஷார்ட் என்று எடுத்துக்கொள்கிறது. டிரைவரின் தொழில்நுட்பத் தாளில் ஒரு எம்சிபிக்கு எத்தனை டிரைவர் என்ற வரி இருக்கும். பி வகைக்கு ஒரு எண், சி வகைக்கு அதைவிடக் கூடிய எண். சர்க்கியூட்டைப் பிரியுங்கள், அல்லது கேபிளுக்கும் பூமி இணைப்பு மின்தடைக்கும் பொருந்தினால் சி வகைக்கு மாறுங்கள். ஆம்பியர் அளவை உயர்த்துவது தீர்வு அல்ல. பழைய 1.5 சதுர மில்லிமீட்டர் வயரின் பாதுகாப்பு போய்விடும்.

எர்த்துக்குக் கசிவு கண்டால் மின்சாரத்தை வெட்டும் ஆர்சிசிபி இறங்குவது வேறு காரணம். ஒவ்வொரு டிரைவரும் இரைச்சல் வடிகட்டி வழியாக அரை மில்லிஆம்பியர் அளவுக்கு எர்த்துக்குக் கசியவிடும். 40 பேனலில் 20 மில்லிஆம்பியர். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 15-ஐத் தாண்டினாலே இறங்கலாம். மழை நாளில், கூரைக்குள் ஈரம் ஏறும்போது, காரணமே தெரியாமல் ட்ரிப் ஆவது இப்படித்தான். ஒரு ஆர்சிசிபிக்குக் கீழ் 18 பேனலோடு நிறுத்தினால் 9 மில்லிஆம்பியரில் நிற்கும், நிம்மதி.

வயரின் காப்பைப் பார்க்கும் மெக்கர் சோதனையை டிரைவர் இணைக்கும் முன்னரே 500 வோல்ட்டில் முடித்துவிடுங்கள். டிரைவரை இணைத்த பிறகு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மெக்கர் போட்டால் டிரைவர் பழுதாகலாம். பின்னால் சோதிக்க வேண்டி வந்தால் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக மட்டும் பாருங்கள்.

பேனல் பொருந்தாத கூரை

600 மில்லிமீட்டர் கூரைச் சட்டத்துக்கு 595 அளவுப் பேனல் உட்காரும். பழைய கட்டடங்களில் இரண்டடிக் கணக்கில் போட்ட சட்டமும் உண்டு, அதன் அளவு 610. அங்கே 595 பேனல் ஒரு பக்கம் நழுவித் தொங்கும். ஆர்டருக்கு முன் மாடிக்கு மாடி டேப் பிடித்து அளக்க வேண்டும், ஏனென்றால் மூன்றாம் மாடியை யாரோ புதுப்பித்திருப்பார்கள், நான்காம் மாடி பழையபடியே இருக்கும்.

இன்னொன்றைக் கழற்றும்போதுதான் பார்ப்பார்கள்: பழைய ஃபிட்டிங்கின் ஓரத்தில் நீளவாக்கில் பிளவு இருந்தால், ஏர்கானின் திரும்பும் காற்று அது வழியாகத்தான் கூரைக்குள் போகிறது. மூடிய பேனலைப் போட்டால் அந்த வழி அடைபடும். கதவுகள் தானாகத் திறந்து மூட முரண்டுபிடிக்கும், சில அறைகளில் குளிர் போதாது என்பார்கள். அந்த மாடியில் சில கூரைப் பலகைகளுக்குப் பதில் காற்றுச் சல்லடை போட வேண்டும், எண்ணிக்கையை ஏர்கான் ஆட்களோடு பேசி முடிவு செய்யுங்கள்.

பேனலில் கண்கூச்சம் முக்கியம். கணினி முன் உட்கார்பவர்களுக்கு கண்கூச்ச அளவான யூஜிஆர் 19-க்குக் கீழ் உள்ள பேனல் வாங்குங்கள். நிறம் 4000 கெல்வின் ஒரே தொகுப்பிலிருந்து, கூடவே 5 விழுக்காடு கையிருப்பு. பின்னால் வேறு தொகுப்பில் வாங்கினால் பக்கத்துப் பேனலோடு நிறம் ஒட்டாது. கழிவறை டவுன்லைட்டுக்குப் பழைய துளையின் விட்டத்தை அளந்து, பெரிதாக இருந்தால் மறைப்பு வளையத்தையும் சேர்த்து ஆர்டர் செய்யுங்கள்.

அவசர விளக்கு

இந்த வேலையில் உயிரோடு விளையாடும் பகுதி இதுதான். சில ஃபிட்டிங்குகளில் மட்டும் பேட்டரியும் இன்வெர்ட்டரும் உள்ளே இருக்கும். அவற்றுக்கு இரண்டு ஃபேஸ் வரும்: ஸ்விட்ச் வழியாக ஒன்று, பேட்டரி எப்போதும் சார்ஜ் ஆக ஸ்விட்ச் இல்லாமல் நேரே இன்னொன்று. தெரியாதவர் இரண்டையும் ஒன்றாக முறுக்கினால் அந்த வரிசை விளக்கையே அணைக்க முடியாது. நேர் ஃபேஸை வெட்டி டேப் சுற்றிவிட்டால் இன்னும் மோசம், பேட்டரி சத்தமில்லாமல் செத்துக்கிடக்கும், மின்வெட்டு வரும் நாளில்தான் தெரியும்.

ஃப்ளோரசன்ட்டுக்காகச் செய்த இன்வெர்ட்டர் எல்இடி டியூப்புக்குப் பொருந்தாது. எல்இடிக்கான அவசரப் பெட்டியும் புதிய பேட்டரியும் தனியாக வாங்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்துக்குத் தனி அவசர விளக்கு. குடிமைத் தற்காப்புப் படையின் பட்டியலில் உள்ள பொருளாகவும் எஸ்எஸ் 563-க்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். கணக்கெடுக்கும்போதே அந்த ஃபிட்டிங்குகளை வரைபடத்தில் சிவப்பில் குறித்துவிட்டால் விடுபடாது. மாட்டியபின் 24 மணிநேரம் சார்ஜ் ஏற்றி, மின்சாரத்தை நிறுத்தி, குறிப்பிட்ட நேரம் முழுதும் எரிகிறதா என்று பார்த்துப் பதிந்து வைக்கவும்.

கிடங்கும் கார் நிறுத்துமிடமும்

கிடங்குக்கு மேல் தகரக் கூரை என்றால் உச்சிப் பொழுதில் காற்று 40 டிகிரியைத் தாண்டும். ஹைபேயின் சுற்றுச்சூழல் வெப்ப அளவு 50 டிகிரி என்று இருப்பதை மட்டும் வாங்குங்கள். எல்இடி சில்லு பெரும்பாலும் தாங்கும், போவது டிரைவரின் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். உயரமான ராக்குகளுக்கு இடையிலான சந்தில் 60 டிகிரி கற்றை, திறந்த தரையில் 90. ராக்குகளுக்கு மேலே 90 டிகிரியைப் போட்டால் வெளிச்சம் பெட்டிகளின் தலையில் விழும், சந்தில் சீட்டுப் படிக்க முடியாது. ஒவ்வொரு விளக்குக்கும் பாதுகாப்புச் சங்கிலி தனியாக.

நாள் முழுக்க எரியும் இடத்தில் மலிவு டியூப் வாங்குவதுதான் பெரிய நட்டம். 25,000 மணி என்று எழுதியது மூன்றாண்டுக்குள் முடிந்துவிடும். 50,000 மணி என்றால் 5.7 ஆண்டு.

கார் நிறுத்துமிடத்துக்கும் படிக்கட்டுக்கும் மைக்ரோவேவ் உணரி உள்ள டியூப் நல்ல பலன் தரும். ஆள் நடமாட்டம் இல்லாதபோது முற்றாக அணையும் வகை வேண்டாம், 25 விழுக்காட்டுக்கு மங்கும் வகைதான் வேண்டும், வெளியேறும் படிக்கட்டு இருட்டாகக்கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நேரம் மங்கிக் கிடந்தால் சராசரி இழுப்பு பாதியாகும். இந்தக் கட்டடத்தின் 80 ஃபிட்டிங்கிலும் போட்டால் மேலும் 11,213 யூனிட் மிச்சம். மைக்ரோவேவ் மெல்லிய பலகையையும் கண்ணாடியையும் ஊடுருவும். வெளியே சாலையில் லாரி போனால்கூட உள்ளே விளக்கு ஏறும். உணர்திறனைக் குறைத்து வைத்து, சுழலும் மின்விசிறி, தண்ணீர் ஓடும் பிளாஸ்டிக் குழாய் ஆகியவற்றிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக மின்னுகிறது என்று காவலாளி சொன்னால் மூன்று இடத்தில் தேடுங்கள். ஸ்விட்ச்சில் சிறு நியான் விளக்கு இருக்கலாம், ஸ்விட்ச் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலை வெட்டலாம், அல்லது நீண்ட குழாயில் பக்கத்து வயரிலிருந்து தாவும் சிறு மின்னோட்டமாக இருக்கலாம். முதல் இரண்டையும் சரிசெய்யலாம். மூன்றாவதற்கு விளக்கோடு இணையாகப் போட்டு அந்தச் சிறு ஓட்டத்தை உறிஞ்சும் ஸ்னப்பர் போதும்.

முடித்து ஒப்படைக்கும்போது

இரவில், திரைகளை மூடி, லக்ஸ் மீட்டரால் அளக்கவும். அலுவலக மேசையில், தரையிலிருந்து 0.75 மீட்டரில், எஸ்எஸ் 531 கேட்பது 500 லக்ஸ். நடைபாதையில் 100, படிக்கட்டில் 150, கார் நிறுத்துமிடத்தில் 75. நாளடைவில் வெளிச்சம் குறையும் என்பதால் முதல் நாளில் 10 முதல் 20 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் தேவைக்கு மீறிய வெளிச்சமும் உண்டு. அங்கே ஒன்றுக்கு ஒன்று மாற்றாமல் எண்ணிக்கையையே குறைக்கலாம்.

கழற்றிய 480 இரண்டடி டியூப், 160 நாலடி, 120 பிஎல், 20 மெட்டல் ஹாலைடு எல்லாவற்றிலும் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல், புதிய டியூப் வந்த அட்டைப்பெட்டியிலேயே திருப்பி அடுக்குங்கள். கடைத்தொகுதிகளில் உள்ள மின்கழிவுத் தொட்டி வீட்டு விளக்குகளுக்கானது. இவ்வளவுக்கு உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்தைக் கூப்பிட்டு ரசீது வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவசர விளக்கின் நிக்கல் காட்மியம் பேட்டரி தனிப் பெட்டி. சோக்குகளைக் காராங்குனி எனும் பழைய பொருள் வாங்குபவரிடம் போட்டால் செம்புக்கும் இரும்புக்கும் காசு தருவார்.

எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் எரிசக்தித் திறன் மானியம் நடப்பில் இருந்தால், தகுதியுள்ள துறைகளுக்கு எல்இடி விளக்கும் அதில் அடங்கும். விண்ணப்பிக்கும் முன் ஆர்டர் கொடுத்து முன்பணம் கட்டினால் அந்தச் செலவு மானியத்துக்குள் வராது. வாடகை இடமென்றால், காலி செய்யும்போது பழைய ஃபிட்டிங்கைத் திரும்ப மாட்டச் சொல்லும் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்து, உரிமையாளரிடம் எழுத்தில் விலக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

சேமிப்பைச் சரிபார்க்க வெள்ளியை ஒப்பிடாதீர்கள், கட்டணம் காலாண்டுக்குக் காலாண்டு மாறும். யூனிட்டை ஒப்பிடுங்கள். மொத்த மீட்டரில் ஏர்கானின் ஏற்ற இறக்கம் விளக்கை மறைத்துவிடும், ஆகவே விளக்கு டிபியில் பதிவுக் கருவி மாட்டி மாற்றும் முன் ஒரு வாரம், மாற்றியபின் ஒரு வாரம் எடுத்தால் வாதத்துக்கு இடமில்லை. அந்தப் பதிவு, லக்ஸ் அளவுகள், அவசர விளக்குச் சோதனை, சர்க்கியூட்டுக்கு எத்தனை டிரைவர் என்ற பட்டியல், மாற்றிய வயரிங் படம் எல்லாவற்றையும் ஒரு பிரதி நிர்வாக அலுவலகத்திலும் ஒரு பிரதி டிபி அறைக் கதவின் உள்பக்கப் பையிலும் வைத்து, கையிருப்பு டிரைவர்களின் மாடல் எண்ணை அதே கதவில் ஒட்டிவிடுங்கள்.